எனக்குப் பின் யார்? வன்னித் தந்தையரின் வினா

வன்னி நாட்டிலே மனநோயாளருக்கென அமைந்த மிகப் பெரிய வைத்தியசாலை எது என்று எவரேனும் எம்மை வினவினால், வவுனியாவில் உள்ளதென்றோ கிளிநொச்சியில் உள்ளதென்றோ நாம் விடையிறுக்க மாட்டோம். கமக்காரன் ஒருவனின் வீட்டு விறாந்தையே அவ்வைத்தியசாலை என்போம். அங்கே வைத்தியரும் தாதியும் காவலாளியும் ஒருவரே. அவர் நோயாளியின் தகப்பன். அவருக்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, இரவு பகல் என்ற வேறுபாடும் இல்லை. அவரே நோயுற்று வீழ்ந்தால் அவரிடத்தை ஏற்க வருவார் எவருமில்லை.

சில காலத்துக்கு முன்னர் முதியவர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். குளத்து நீரை நம்பி வயல் செய்பவர். எழுபது வயதைக் கடந்தவர். எமது மேசைமீது இரண்டு பொருள்களை எடுத்து வைத்தார். ஒன்று அவருடைய காணி அனுமதிப்பத்திரம். மடிப்புகளிற் கிழிந்து பொலித்தீன் உறையொன்றினுள் இருந்தது. மற்றையது அவருடைய மகனின் கிளினிக் கொப்பி. “ஐயா, நான் இருக்குமட்டும் அவனுக்கு ஒரு குறையும் வராது. எனக்குப் பிறகு அவனை ஆர் பாக்கிறது? இந்தக் காணியை அவன்ர பேரில எழுதிவிடலாமோ?” என்று கேட்டார்.

சட்டம் பயின்ற நாம் இரண்டாவது கேள்விக்கு விடை கூறினோம். முதலாவது கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. அவ்வினாவை ஒரு தனிமனிதரின் துயரமெனக் கருதி விட்டுவிடுவது எளிது. ஆயினும் அது ஒரு சமுதாயத்தின் வினா. அரசாங்கத்தை நோக்கியும் எம்மை நோக்கியும் எழுப்பப்படும் வினா. ஆதலின் அதனை இங்கே பொதுவில் வைக்கிறோம்.

நோயும் அதன் உண்மையும்

இம்முதியவரின் மகனைப் பிடித்திருப்பது மனச்சிதைவு நோய். வைத்தியர்கள் சிசோபிரீனியா என்பர். ஊரார் விசர் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவர். பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தலைகாட்டுகிறது. பிறர் காதில் விழாத குரல்கள் நோயாளிக்குக் கேட்கின்றன. உண்ணும் சோற்றில் நஞ்சிருப்பதாகவும் அயலவர் தன்னை வேவு பார்ப்பதாகவும் ஐயம் எழுகிறது. வேறு சிலர் குளிப்பையும் பேச்சையும் வேலையையும் விட்டு மூலையில் ஒடுங்கிவிடுகின்றனர். இதனைச் சோம்பல் என்று திட்டும் வீடுகள் பல. அது சோம்பலன்று, நோயின் மற்றொரு முகமே.

உலகில் ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சம் பேர், அதாவது 300 பேருக்கு ஒருவர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அக்கணக்கின்படி ஆயிரம் பேர் வாழும் ஊரொன்றில் மூன்று வீடுகளேனும் இச்சுமையைச் சுமக்கின்றன. எங்கள் ஊரில் அப்படி எவருமில்லை என்று கூறுவோர் இருப்பின், அந்த வீடுகளின் கதவுகள் எவ்வளவு இறுக்கமாக அடைக்கப்பட்டுள்ளன என்பதையே அவர்கள் அறிவிக்கிறார்கள்.

இது பெற்றாரின் பாவத்தால் வந்ததுமன்று, செய்வினையால் வந்ததுமன்று. மேல்நாட்டிற் கூட, 1940களிலும் 1950களிலும், தாயின் வளர்ப்பே இந்நோய்க்குக் காரணமென்று வைத்தியர் சிலர் கூறிவந்தனர். அக்கொள்கை பின்னர் ஆராய்ச்சியில் நிலைக்காது வீழ்ந்தது. பரம்பரைக்கும் மூளையின் இயக்கத்துக்கும் இதிற் பெரும் பங்குண்டு. 1952ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் குளோர்ப்புரோமசீன் என்னும் மருந்து மனநோயாளருக்குப் பயன்படத் தொடங்கிய நாள்முதல் இது மருந்துக்கு அடங்கும் நோயாயிற்று. இன்று நாளாந்தக் குளிசையும் உண்டு. மாதமொருமுறை போடும் ஊசியும் உண்டு. ஒழுங்காக மருந்தெடுக்கும் பலர் வயலுக்குச் செல்கின்றனர், கடை நடத்துகின்றனர், குடும்பமாகவும் வாழ்கின்றனர். ஆனால் ‘ஒழுங்காக’ என்ற அந்த ஒரு சொல்லிலேதான் தகப்பனின் வாழ்நாள் முழுவதும் கரைந்துபோகிறது.

போர் செய்ததும் செய்யாததும்

போரே இந்நோயைப் படைத்தது என்று நாம் கூறமாட்டோம். குண்டொன்றும் விழாத நாடுகளிலும் இந்நோய் உண்டு. ஆனால் போர் மருந்தை அறுத்தது, வைத்தியரை அகற்றியது, குடும்பத்தைச் சிதைத்தது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை எமது மக்கள் ஒதுக்கப்பட்டபோது, மனநோயுற்ற மகனையும் கையிற் பிடித்துக்கொண்டு நடந்த தகப்பனின் நிலையை எண்ணிப் பாருங்கள். பதுங்குகுழிக்குள் இருக்க மறுப்பவனை எப்படி இருத்துவது? தடை முகாமில் ‘நில்’ என்ற கட்டளைக்கு நிற்கத் தெரியாதவனை எப்படிக் காப்பது? அதன்பின் செட்டிகுளத்து முகாம்களில் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் அடைபட்டிருந்தபோது, கூடாரமொன்றினுள் அந்நியர் நடுவே அவனை எப்படி அமைதிப்படுத்துவது? மனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அங்கிருந்து மீண்ட வீடுகள் பலவற்றில் தாய் இருக்கவில்லை. உதவிக்கு நின்ற அண்ணனோ அக்காவோ இருக்கவில்லை. பலர் கூடிச் சுமந்த சுமை ஒருவரின் தோளில் வந்து இறங்கிற்று.

போரினால் கணவரை இழந்த பெண்களைப் பற்றி நாம் பேசுகிறோம். பேசவேண்டியது எமது கடமை. மனைவியை இழந்து, நோயுற்ற பிள்ளையோடு தனித்திருக்கும் தகப்பனைப் பற்றியோ எந்த மேடையிலும் பேசக் கேட்டிலோம். நோயுற்றது மகளாயின் அவர் படும் இடர் இருமடங்கு. வயதுவந்த மகளைக் குளிப்பாட்டவும் உடைமாற்றவும் தகப்பன் யாரை அழைப்பார்? நாளும் பொழுதும் அயல் வீட்டுப் பெண்களைக் கெஞ்சும் நிலைமை எத்தகையது? இதனை அவர் வெளியிற் சொல்லமாட்டார்; நாமும் கேட்பதில்லை.

தகப்பனின் மௌனம்

தகப்பன் என்பவன் அழக்கூடாது என்பது எமது ஊரின் எழுதப்படாத சட்டம். தாய் கோயில் வீதியில் விழுந்து புரண்டு அழுதால் ஊர் இரங்கும். தகப்பன் அழுதால் ஊர் முகந்திருப்பும். ஆகவே அவர் பேசாதிருக்கிறார். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கிறார், நாகதம்பிரானுக்குப் பொங்குகிறார், மடுவுக்கு நடக்கிறார். நம்பிக்கை மனிதனைத் தாங்கும். அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் நேர்த்தியையும் கிளினிக்கையும் ஒன்றுக்கொன்று பகையாக்கி மருந்தை நிறுத்தச் சொல்வோரை நம்பவேண்டாம்.

இளைய மகளுக்குச் சம்பந்தம் பேசி வருவோர் முன்னே மூத்த மகனை மறைக்கவேண்டியவரும் அவரே. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கலியாணம் குழம்பினால் அப்பழியும் அவர் தலையிலேயே விழுகிறது. காலபோக விதைப்பு நாளும் கிளினிக் நாளும் ஒன்றாய் வந்தால் அவர் எதனை விடுவார்? ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறி, வர மறுக்கும் வளர்ந்த மகனைத் தோளிற் கைபோட்டு அழைத்துச் சென்று, வரிசையில் நின்று, மருந்தெடுத்து வீடு திரும்புகையில் ஒரு நாட் கூலி போய்விடுகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இல்லாத குளிசையை வெளிக்கடையில் விலைக்கு வாங்கச் சீட்டெழுதிக் கொடுக்கப்பட்ட தகப்பன்மார் எத்தனை பேர்?

இவ்வாறு ஆண்டுக்கணக்காக உழலும் மனிதருக்கு நித்திரை கெடுகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. மாலையானால் கசிப்பு நாவை அழைக்கிறது. ஒருநாள் பொறுமை அறுந்து மகன்மீது கை நீளுகிறது. அன்றிரவு அவரே விழித்திருந்து வருந்துகிறார்.

இங்கேதான் இக்கட்டுரையின் உயிர்நிலை இருக்கிறது. தகப்பனின் நலம் இரக்கத்தின்பாற்பட்ட விடயம் மட்டுமன்று. அது நோயாளியின் சிகிச்சையின் ஒரு பகுதி. கடுஞ்சொல்லும் குறைகூறலும் மிகுந்த வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு நோய் விரைந்து மீளுகிறது என்பதை இலண்டனில் ஜோர்ஜ் பிரவுணும் அவருக்குப் பின் வந்தோரும் ஆராய்ந்து நிறுவினர். சண்டிகாரில் ஜூலியன் லெவ், விக் முதலியோர் நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியக் குடும்பங்களிடை அக்கடுமை இலண்டனிலும் குறைவாகக் காணப்பட்டது. எமது குடும்பங்களுக்கும் அப்பொறுமை உண்டு. ஆனால் பொறுமை வற்றாத கிணறன்று. இறைத்துக்கொண்டே இருப்பின் எந்தக் கிணறும் ஒருநாள் சேறு காட்டும். களைத்த தகப்பனே கடுமையான தகப்பன். அவரைக் களைக்க விட்டுவிட்டு மகனுக்கு மட்டும் ஊசி போடுவது, வரம்பு உடைந்த வயலுக்கு வாய்க்காலைத் திறந்துவிடுவது போன்றது.

சட்டம் எங்கே நிற்கிறது?

இனி எமது தொழிலைச் சார்ந்த ஒன்றைக் கூறுவோம். இந்நாட்டில் மனநோயாளரைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். பிரித்தானிய ஆட்சியில், பைத்தியக்காரரை அடைத்துவைப்பதற்காக ஆக்கப்பட்டது. மாவட்ட நீதிமன்றின் விசாரணையை நடுவாகக் கொண்டது. 1956இல் அது திருத்தப்பட்டபோது தாமாக விரும்பி வைத்தியசாலைக்கு வருவோருக்கு வழி பிறந்தது. 1956 எம்மவர் வேறொரு சட்டத்துக்காக மறவாத ஆண்டு. அதன்பின் எத்தனை வரைவுகள் எழுதப்பட்டன! அங்கொடை வைத்தியசாலை 2008இல் தேசிய மனநல நிறுவகமென்று பெயர் மாறிற்று. பழைய கட்டளைச் சட்டமோ மாறவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. கையொப்பம் கொழும்பில் இருக்கிறது. அதன் பயன் மாங்குளத்துக்கு அப்பால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, மனநல சேவையைத் தலைநகரின் மதில்களுக்குள் வைத்திராது மாவட்டந்தோறும் கொண்டுசெல்ல வேண்டுமெனக் கூறிற்று. நல்ல கொள்கை. மற்ற நோய்களை வைத்தியர் உடலைத் தொட்டு அறியலாம். மனநோயையோ நோயாளியின் சொல்லைக் கொண்டே அறியவேண்டும். அச்சொல் தமிழாயிருக்க, கேட்கும் செவி தமிழறியாததாயின் அது வைத்தியமாகுமா? ஆதலின் வன்னியிலேயே, எமது மொழியிலேயே இச்சேவை இருத்தல் வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கையன்று. மாகாணத்துக்குப் பகிரப்பட்ட அதிகாரங்களுள் சுகாதாரமும் ஒன்று. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. கேட்கவேண்டிய இடத்தில் மக்கள் தெரிந்த ஒருவர் இல்லாதபோது, விறாந்தையிலிருந்து எழும் குரல் எங்கே போய்ச் சேரும்?

இனி அம்முதியவரின் காணிக்கு வருவோம். வன்னியின் குடியேற்றக் காணிகளிற் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு அமைந்தவை. காணி பெற்றவர் தமக்குப் பின் உரித்தாளர் இன்னார் என்று தம் வாழ்நாளிலேயே பெயர் குறித்துப் பதியலாம். பதியாது இறந்தால் சட்டத்தின் அட்டவணைப்படி உரித்துச் செல்லும். அவ்வட்டவணையில் ஆண்மக்களுக்கு இருந்த முதன்மை 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கிற்று. மகன்மீது கொண்ட பாசத்தால் நோயுற்றவனின் பெயரையே எழுதிவிடத் துடிக்கும் தகப்பன்மார் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெயர் குறிக்கப்பட்டவர், உரிமையாளர் இறந்து 6 மாதத்துள் காணியைத் தம் கைவசம் ஏற்காவிடின் உரித்துத் தவறும். நோயாளியால் அது இயலுமா? இயன்றாலும், ஒரு போத்தல் சாராயத்துக்குக் கைநாட்டு வாங்கிச் செல்லும் கூட்டம் ஊரில் இல்லையா? பொறுப்பேற்கச் சம்மதிக்கும் பிள்ளையொருவரின் பெயரைப் பதிந்து, நோயுற்றவருக்கு இருப்பிடமும் உணவும் தரவேண்டிய கடமையைக் குடும்பத்தார் முன்னிலையில் எழுத்தில் வைப்பது பெரும்பாலும் நலம். அவ்வெழுத்து நீதிமன்றைவிட மனச்சாட்சியையே அதிகம் கட்டும் என்பதையும் மறைக்கமாட்டோம். உறுதிக்காணி உடையோருக்கு 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டப்படி பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கும் வழியுண்டு. சித்தசுவாதீனமற்றவரின் ஆதனத்துக்கு முகாமையாளரை மாவட்ட நீதிமன்றம் நியமிக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இடந்தருகிறது. ஒவ்வொரு வீட்டின் நிலையும் வேறு. ஆகவே காலம் தாழ்த்தாது சட்டத்தரணியை நாடுங்கள். பணமில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எமது தொழிலைச் சேர்ந்த நண்பர்களிடம் நாம் கேட்பது, மாதத்தில் ஒரு கிளினிக் நாளில் வைத்தியசாலை வாசலில் ஒரு மேசை போட்டு அமருங்கள் என்பதே.

அக்கரை தரும் பாடம்

பாக்குநீரிணைக்கு அப்பால் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஓகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட வழியின்றி எரிந்தனர். 28 பேர் இறந்தனர். அவர்களை அங்கே கொண்டுசென்று விட்டவர்கள் கொடியவர்களா? அல்லர். மருத்துவம் எட்டாத, உறக்கம் இழந்த குடும்பங்களே அவர்கள். ஆறுதல் எங்கும் கிடைக்காத குடும்பம் இறுதியில் சங்கிலியைத் தேடிச் செல்லும் என்பதே ஏர்வாடி உரைக்கும் பாடம். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றாகத் தடைசெய்தது.

அதே நாட்டில் நல்ல பாடங்களும் உள. அமிர்தசரஸ் மனநோய் வைத்தியசாலையில் 1950களில் டாக்டர் வித்யாசாகர், நோயாளரின் குடும்பத்தாரையும் வளவுக்குள் கூடாரமிட்டுத் தங்கவைத்துச் சிகிச்சையிற் பங்காளராக்கினார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் அப்பத்தாண்டு முதலே நோயாளியோடு உறவினரையும் சேர்த்து அனுமதித்து வந்துள்ளது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் குடும்பங்களுக்கும் ஆலோசனை வழங்கி வருகிறது. எமது யாழ்ப்பாணத்திலும் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர், போர் தனிமனிதனை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் காயப்படுத்துகிறது என்பதை எழுதியும் கற்பித்தும் நிலைநாட்டினர். அறிவு இல்லாமலில்லை, அதனை விறாந்தை வரை கொண்டுசெல்லும் மனமே வேண்டும்.

நாம் கேட்பவை

அரசாங்கத்திடமும் சுகாதாரத் திணைக்களத்திடமும் கேட்கிறோம். மாதாந்த ஊசியையும் குளிசையையும் பிரதேச வைத்தியசாலைகளிலேயே தடையின்றிக் கொடுங்கள். விதைப்பும் அரிவுவெட்டும் நடக்கும் வாரங்களிற் கமக்காரர் வரக்கூடிய நாளைக் குறியுங்கள். மகனின் கொப்பியைத் திறக்கும் வைத்தியர் தகப்பனின் இரத்த அழுத்தத்தையும் அளந்து, ‘நீங்கள் உறங்குகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி கேட்கட்டும். வன்னியின் மாவட்டந்தோறும் ஆண்டில் இரு வாரமேனும் நோயாளியை ஏற்றுத் தகப்பனுக்கு ஓய்வு தரும் குறுங்கால விடுதி அமையட்டும். தகப்பன் இறந்தபின் நோயாளி தெருவுக்கு வராது தங்க இல்லங்கள் எழட்டும். 1873ஆம் ஆண்டின் சட்டத்துக்கு விடைகொடுங்கள். புதிய சட்டத்தில் பராமரிப்பவருக்கும் ஓர் அத்தியாயம் இருக்கட்டும்.

எம்மவரிடமும் கேட்கிறோம். 300 பேருக்கு ஒருவர் எனில், ஒவ்வொரு கமக்கார அமைப்பிலும் இச்சுமையைத் தாங்கும் அங்கத்தவர் ஒருவரேனும் இருப்பார். அவருடைய வாய்க்கால் முறையைக் கிளினிக் நாளுக்கு ஏற்ப மாற்றிக்கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. ஒரு மாலைப்பொழுதை அவர் வீட்டு விறாந்தையிற் கழித்து, அவரைச் சந்தைக்கோ கோயிலுக்கோ போய்வர விடுவதற்கு எந்த அமைச்சரின் கையொப்பமும் வேண்டியதில்லை. இத்தகைய தகப்பன்மார் ஐவர் ஓரிடத்திற் கூடினாலே ஒரு சங்கம். ஒருவர் நோயுற்றால் மற்றவர் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லலாம். ஒருவர் மறைந்தால் மற்ற நால்வர் அப்பிள்ளையின் பெயரை மறவாதிருப்பர். ‘எனக்குப் பின் யார்?’ என்ற வினாவுக்குத் தொடக்கமாக அமையும் விடை அதுவே.

தகப்பன்மாரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் நோயை மறைக்காதீர்கள். பயிருக்கு அடிக்கும் நஞ்சைப் பூட்டிவையுங்கள். உங்கள் பிள்ளைக்காக மட்டுமன்று, உங்களுக்காகவும் சொல்கிறோம். மனம் தாங்காத இரவில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். நித்திரையின்மைக்கு மருந்து கேட்பது ஆண்மைக்கு இழுக்கன்று. மகனைக் கைவிடாத நீங்கள் உங்களையும் கைவிடலாகாது.

அம்முதியவர் எழுந்து செல்லும்போது காணிப் பத்திரத்தைச் சட்டைக்குள் வைத்தார். கிளினிக் கொப்பியைக் கையிலேயே பிடித்திருந்தார். அடுத்த திகதி எப்போது என்று கேட்டோம். “வெள்ளிக்கிழமை, ஐயா. அண்டைக்குத்தான் எனக்கும் தண்ணி முறை” என்றார். அந்த வெள்ளிக்கிழமை அவருடைய வயலுக்குத் தண்ணீர் கட்ட அயலவர் ஒருவர் மண்வெட்டியோடு வருவாரா என்பதிலேயே எமது சமுதாயத்தின் பெருமையும் சிறுமையும் தங்கியிருக்கின்றன. தந்தையர் தனித்து நிற்கும் நாடு தன்னாட்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன், தன் வேலிக்கு அப்பால் உள்ள வீட்டை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.